டெஸ்க்டாப்பா, வெப்பா? கம்பெனிக்கு மென்பொருள் மாற்றப்போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

கோவை, திருப்பூர்ப் பக்கம் மில்களுக்கும் மொத்த வியாபாரிகளுக்கும் கணக்கு, ஸ்டாக் மென்பொருள் நிறுவித் தருவது என் வேலை. பழைய டெஸ்க்டாப் புரோகிராமை விட்டுவிட்டு பிரவுசரில் ஓடும் ஒன்றுக்கு மாறலாமா என்ற பேச்சு எழுந்தால், எந்த ஆபீஸாக இருந்தாலும் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வருகின்றன. போனில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதிவைத்தது இது.

டெஸ்க்டாப் என்றால் டேட்டா நம் ஆபீஸில், வெப் என்றால் கிளவுடில். அப்படித்தானே?

அப்படி இல்லை. இந்தக் குழப்பம் தீராமல் உட்கார்ந்தால் பாதி மீட்டிங் வீணாகப் போகும். இங்கே இருப்பவை இரண்டு தனித்தனிக் கேள்விகள். டேட்டா எங்கே இருக்கிறது என்பது ஒன்று. அதைப் பார்க்கும் திரை எதில் ஓடுகிறது என்பது இன்னொன்று.

இஆர்பிநெக்ஸ்ட் என்ற கணக்கு, ஸ்டாக் மென்பொருள் முழுக்க பிரவுசரில் ஓடுவது. ஆனால் அதை உங்கள் ஆபீஸ் மூலையில் இருக்கும் சர்வரிலேயே நிறுவிக்கொள்ளலாம். அப்போது இன்டர்நெட்டே இல்லாவிட்டாலும் உள்ளே லேனில், அதாவது ஆபீஸ் கம்ப்யூட்டர்களுக்கு இடையிலான இணைப்பில், வேலை நடக்கும். டேலிபிரைம் நேர்மாறு. அது அச்சு அசல் டெஸ்க்டாப் மென்பொருள், ஆனால் அமேசானின் கிளவுட் சர்வரில் வைத்து ஓட்டும் ஏற்பாட்டை அந்தக் கம்பெனியே தருகிறது. ஸோஹோ புக்ஸ் மாதிரியானவற்றில்தான் திரையும் பிரவுசர், டேட்டாவும் அவர்கள் சர்வர்.

ஆகவே “எங்க டேட்டா வெளியே போகக்கூடாது, அதனால் வெப் வேண்டாம்” என்று முதலாளி சொன்னால், முதல் பாதியை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். இரண்டாம் பாதி அதிலிருந்து தானாக வந்துவிடாது.

சரி, எங்கள் கம்பெனிக்கு எது?

கம்பெனிக்கு என்று ஒட்டுமொத்தமாகக் கேட்பதில்தான் சிக்கல். நாற்காலி நாற்காலியாகக் கேளுங்கள்.

பில் போடும் பெண் காலை 9 மணிக்கு உட்கார்ந்தால் மாலை வரை அதே திரைதான். கை கீபோர்டை விட்டு அசையாது. முதலாளி ஒரு நாளைக்கு நான்கு தடவை, காரில் போகும்போது, இன்றைக்கு எவ்வளவு வசூல் என்று பார்ப்பார். பர்ச்சேஸ் மேனேஜர் ஆர்டருக்கு ஒப்புதல் கொடுப்பார். சேல்ஸ்மேன் ஈரோட்டில் ஒரு கடை வாசலில் நின்றுகொண்டு ஸ்டாக் இருக்கிறதா என்று பார்ப்பார். ஆடிட்டர் மாதம் ஒரு முறை எட்டிப்பார்ப்பார்.

இவர்களில் முதல் ஆளைத் தவிர மற்ற எல்லோருக்கும் வெப் போதும், பல இடங்களில் அதுதான் நல்லது. முதல் ஆளுக்கு மட்டும் அவசரப்படக்கூடாது. பெரும்பாலான கம்பெனிகளில் நடப்பதோ தலைகீழ். முடிவெடுப்பவர் நான்கு தடவை பார்க்கிற முதலாளி. அவருக்கு டெமோவில் கலர் கலராக கிராஃப் காட்டினால் பிடித்துவிடுகிறது. நாள் முழுக்க அதோடு மல்லுக்கட்டப்போகிறவர் அந்த டெமோ ரூமிலேயே இருப்பதில்லை.

வெப்பில் பில் போட நேரமாகிறது என்று எங்கள் ஆட்கள் புலம்புகிறார்கள். புதுசு என்பதால் சாக்குச் சொல்கிறார்களா?

பெரும்பாலும் சாக்கு இல்லை, நிஜம். உடுமலைப் பக்கம் ஒரு நூல் வியாபாரியிடம் கணக்குப் பார்க்கும் அக்கா, இருபது வருடமாக டேலியில் பழகிய கை. புது வெப் மென்பொருள் வந்த முதல் நாள் எனக்குப் போன். “ஏனுங்க சார், பேமென்ட் போடலாம்னு தட்டுனேன், எழுதுனதெல்லாம் காணாமப் போயிருச்சுங்க.”

நடந்தது இதுதான். டேலியில் எஃப்5 பேமென்ட், எஃப்6 ரிசீட், எஃப்7 ஜர்னல். குரோம் பிரவுசரில் எஃப்5 தட்டினால் பக்கம் ரீலோட் ஆகும். எஃப்6 தட்டினால் கர்சர் முகவரிப் பட்டிக்கு ஓடிவிடும். எஃப்7 தட்டினால் என்னவோ கேரட் பிரவுசிங் வேண்டுமா என்று கேட்கும். எஃப்12 டேலியில் கான்ஃபிகரேஷன், குரோமிலோ நிரலாளர்களுக்கான ஜன்னல் திறந்து ஆளை மிரட்டும். இருபது வருடம் விரலில் ஊறிய ஒவ்வொரு பழக்கமும் அந்த அக்காவுக்கு எதிராகத் திரும்பிவிட்டது.

என்டர் கீயில் இருப்பது இதைவிடப் பெரிய தொல்லை. டேலியில் என்டர் தட்டினால் அடுத்த கட்டத்துக்குப் போகும். வெப் படிவத்தில் இயல்பாகவே என்டர் என்றால் “அனுப்பு”. பாதி நிரப்பிய பில் சேமித்துக்கொண்டு போய்விடும்.

நல்ல நிரலாளர் இவற்றில் பலவற்றைச் சரிசெய்துவிட முடியும். என்டரை அடுத்த கட்டத்துக்குத் திருப்பலாம், எஃப்5ஐயும் மறித்துக்கொள்ளலாம். ஆனால் கன்ட்ரோல்+டபிள்யூ, கன்ட்ரோல்+என், கன்ட்ரோல்+டி ஆகியவற்றைச் சாதாரண டேபில் ஓடும் பக்கத்துக்கு குரோம் விட்டுக்கொடுக்காது. ஆக, செய்ய முடியாதது கொஞ்சம். செய்யச் சோம்பல்பட்டு விட்டது நிறைய. விற்க வருகிறவரிடம் இரண்டாவதைப் பற்றிக் கேளுங்கள்.

நேரக் கணக்கையும் பார்த்துவிடலாம். ஒரு வவுச்சருக்கு, அதாவது ஒரு பதிவுக்கு, 8 வினாடி கூடுதலாகிறது என்று வைத்துக்கொள்வோம். பார்வைக்கு ஒன்றுமே இல்லை. நாளைக்கு 300 வவுச்சர் போடுகிறவருக்கு அது 40 நிமிடம். அவர் 6 மணி பஸ்ஸை விட்டுவிடுகிறார் என்று அர்த்தம்.

டெமோவில் எதைப் பார்க்க வேண்டும்?

மவுஸைப் பிடுங்கி வைத்துவிடுங்கள். உங்கள் ஆபீஸிலேயே இருக்கும் ஒரு நிஜ பில், குறைந்தது 40 வரி உள்ளது, நடுவில் இரண்டு ரிட்டர்ன், ஒரு தள்ளுபடி. அதைப் பில் போடுகிற ஆளே போட வேண்டும். விற்க வந்தவர் போட்டுக்காட்டினால் கணக்கில் சேராது. நடுவில் புதுப் பார்ட்டி ஒருவரைச் சேர்க்கச் சொல்லுங்கள். டேலியில் ஆல்ட்+சி தட்டினால் இருந்த இடத்திலேயே புது லெட்ஜர் திறக்கும், முடித்ததும் பில்லுக்கே திரும்பலாம். பல வெப் மென்பொருளில் இதற்கு வேறு பக்கத்துக்குப் போய் வர வேண்டும். திரும்பி வந்தால் பில் இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம், சேமி பட்டனை வேகமாக இரண்டு தடவை அழுத்திப் பாருங்கள். ஒரே பில் இரண்டாக விழுந்தால் எழுந்து வந்துவிடலாம். ஒரே பில்லை இரண்டு டேபில் திறந்து இரண்டிலும் திருத்திப் பாருங்கள். டெஸ்க்டாப்பில் இந்த வம்பு குறைவு. பிரவுசரிலோ ஜனங்கள் டேப் திறப்பதை நிறுத்தவே மாட்டார்கள்.

நெட் போனால் என்ன செய்வது?

டேட்டா வெளி சர்வரில் இருந்தால், நின்றுவிடும். பிரவுசரிலேயே கொஞ்சம் டேட்டாவைச் சேர்த்துவைத்து, நெட் வந்ததும் அனுப்பும் தொழில்நுட்பம் இருக்கிறது. ஓடூ மென்பொருளின் கடை கல்லா பில்லிங் பகுதி அப்படி ஓரளவு சமாளிக்கும். ஆனால் முழு கணக்கு, ஸ்டாக் மென்பொருள் ஒன்று ஆஃப்லைனில் எல்லாம் செய்யும் என்று யாராவது சொன்னால், லேன் ஒயரை உருவிவிட்டுச் செய்துகாட்டச் சொல்லுங்கள்.

டெஸ்க்டாப் ஆட்களும் ரொம்பத் துள்ள வேண்டாம். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய வியாபாரங்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸ் கட்டாயம். இன்னொரு வியாபாரிக்கு பில் போட்டால் அரசு போர்ட்டலிலிருந்து ஐஆர்என் என்ற பதிவு எண் வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் அது செல்லுபடியாகும் பில்லே இல்லை. சரக்கை லாரியில் அனுப்ப வேண்டிய இ-வே பில்லும் அப்படித்தான். ஆகவே நெட் போனால் டெஸ்க்டாப்பில் பில்லைத் தட்டி முடித்துவிடலாம், லாரி கிளம்பாது.

எப்படியும் இரண்டு வேறு கம்பெனிகளின் இணைப்பு வாங்கிவையுங்கள். மோடம், ரவுட்டர் இரண்டையும் யுபிஎஸ்ஸில் மாட்டுங்கள். கம்ப்யூட்டருக்கெல்லாம் யுபிஎஸ் கொடுத்துவிட்டு ரவுட்டரைச் சுவரில் நேரடியாகச் சொருகிய ஆபீஸ்கள் எத்தனையோ பார்த்துவிட்டேன்.

எங்களிடம் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரும் எடைமேடையும் இருக்கின்றன. வெப்பில் வேலை செய்யுமா?

வெப்புக்கு மாறும் திட்டங்கள் சந்தடியில்லாமல் கவிழ்வது இந்த இடத்தில்தான். பார்கோடு ஸ்கேனர் பிரச்சினையே இல்லை. பெரும்பாலானவை கம்ப்யூட்டருக்குக் கீபோர்டு போலத்தான் தெரியும், எந்தப் பிரவுசரிலும் எண் விழும்.

டாட் மேட்ரிக்ஸ் வேறு கதை. டெஸ்க்டாப் புரோகிராம் அதற்கு வெறும் எழுத்தாக அனுப்பும். பிரிண்டர் தன் சொந்த எழுத்துருவில் கடகடவென்று அடித்துத் தள்ளும். பிரவுசர் அதே பில்லைப் படமாக அனுப்பும். ஊசி ஒவ்வொரு வரியையும் தடவித் தடவி வரையும். மூன்று காப்பி கார்பன் தாளில் கடைசிக் காப்பி படிக்கவே முடியாது. போதாததற்கு ஒவ்வொரு பில்லுக்கும் பிரிண்ட் பெட்டி ஒன்று எழும்பி ஓகே கேட்கும். இதைத் தவிர்க்க கம்ப்யூட்டரில் ஒரு சின்ன உதவிப் புரோகிராம் நிறுவ வேண்டும். அது பக்கத்திலிருந்து பில்லை வாங்கி பிரிண்டருக்கு எழுத்தாகக் கொடுக்கும். “எதுவும் நிறுவ வேண்டாம், பிரவுசர் போதும்” என்ற விளம்பரம் அதோடு முடிந்தது.

இ-இன்வாய்ஸ் போடுகிறவர்களுக்கு இந்தச் சண்டை பாதி தீர்ந்துவிட்டது. பில்லில் க்யூஆர் கோடு அச்சாக வேண்டும், ஊசி பிரிண்டரில் அது பல சமயம் ஸ்கேன் ஆகாது. லேசருக்கு மாறித்தான் ஆக வேண்டியிருக்கிறது.

எடைமேடையிலிருந்து எடை வருவது பழைய சீரியல் போர்ட் வழியாக. டெஸ்க்டாப் புரோகிராமுக்கு அதைப் படிப்பது சர்வசாதாரணம். குரோமில் 2021இல் வந்த 89ஆம் பதிப்பு முதல் வெப் பக்கமும் சீரியல் போர்ட்டைப் படிக்க வழி வந்திருக்கிறது. ஆனால் உங்களுக்கு விற்பவர் அதைச் செய்து வைத்திருக்கிறாரா என்பதுதான் கேள்வி. செய்யவில்லையென்றால் எடைமேடை ஆள் துண்டுச் சீட்டில் எழுதி, ஆபீஸில் இன்னொருவர் பார்த்துத் தட்ட வேண்டிவரும். எடையில் தில்லுமுல்லு நுழைவதற்கு அந்தத் துண்டுச் சீட்டே போதும்.

இருக்கிற டெஸ்க்டாப்பையே கிளைகளுக்கும் நீட்டிவிட முடியாதா?

முடியும். ஆனால் வெறும் விபிஎன் (இன்டர்நெட் வழியே இரண்டு ஆபீஸை இணைக்கும் தனி வழி) போட்டு, சென்னைக் கிளையில் புரோகிராமை நிறுவி, கோவை சர்வரோடு பேச விட்டால் அழுதுவிடுவீர்கள். பழைய புரோகிராம்கள் ஒரு திரை திறக்கவே டேட்டாபேஸிடம் நூற்றுக்கணக்கில் குட்டிக் கேள்விகள் கேட்கும். 400 கேள்வி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆபீஸ் லேனில் ஒன்றுக்கு அரை மில்லிசெகண்ட் போனால் மொத்தம் 0.2 வினாடி. விபிஎன்னில் ஒன்றுக்கு 30 மில்லிசெகண்ட் என்றால் 12 வினாடி. லைன் வேகத்தை 100லிருந்து 300 எம்பிபிஎஸ் ஆக்கினாலும் இது குறையாது, ஏனென்றால் நேரம் போவது ஒவ்வொரு கேள்வியும் போய் வருவதில்.

இதற்கு மாற்று ரிமோட் டெஸ்க்டாப். புரோகிராம் கோவையிலேயே ஓடும், திரையின் படம் மட்டும் சென்னைக்குப் போகும். நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அதற்கான போர்ட்டை அப்படியே இன்டர்நெட்டுக்குத் திறந்து வைக்காதீர்கள். 2019 மே மாதம் ரிமோட் டெஸ்க்டாப்பில் புளூகீப் என்ற ஓட்டை வெளிப்பட்டபோது, எப்போதோ கைவிட்ட விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது. அவ்வளவு பயம். விபிஎன்னுக்குள் வையுங்கள். ஒவ்வொரு ஆளுக்கும் லைசென்ஸ் தனியாக வாங்க வேண்டும் என்பதையும் பட்ஜெட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

நான்கு கிளைக்கு மேல் போகும்போது இந்த ஒட்டுப்போடுதலை நிறுத்திவிட்டு வெப்பை யோசிக்கலாம் என்பது என் சொந்தக் கணக்கு.

பாதுகாப்பில் எது மேல்?

இரண்டிலும் திருடன் வரும் வாசல் வேறு. டெஸ்க்டாப்பில் டேட்டா பல இடங்களில் ஷேர் ஃபோல்டரில் கிடக்கும். 2017 மே மாதம் ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வானாக்ரை வைரஸ் பரவியது விண்டோஸின் ஃபைல் ஷேரிங் ஓட்டை வழியாகத்தான். அதற்கான திருத்தம் மார்ச்சிலேயே வந்துவிட்டது, போடாதவர்கள் மாட்டினார்கள். விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவும் 2025 அக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது. உங்கள் பில்லிங் கம்ப்யூட்டர் எதில் ஓடுகிறது என்று இன்றைக்கே பாருங்கள்.

வெப்பில் திருடனுக்குத் தேவை ஒரு பாஸ்வேர்டு. அது கிடைத்தால் உலகத்தில் எங்கிருந்தும் நுழைவான். வேலையை விட்டுப்போன ஆளின் லாகினை அன்றைக்கே மூடாத கம்பெனி, பிரவுசரில் ஓடும் மென்பொருளுக்குத் தயாராகவில்லை. ஓடிபி கட்டாயமாக்குங்கள். கணக்கு நாற்காலிகளுக்கு ஆபீஸ் ஐபியிலிருந்து (ஆபீஸ் நெட் இணைப்பின் முகவரி) மட்டும் அனுமதி கொடுங்கள்.

வெப் என்றால் எந்தப் பிரவுசரிலும், எந்தக் காலத்திலும் ஓடும்தானே?

இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் மட்டும் ஓடும் மென்பொருளுக்குப் பணம் கொட்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள். 2022 ஜூன் 15இல் மைக்ரோசாஃப்ட் அதற்கு மூடுவிழா நடத்தியது. இப்போது எட்ஜ் பிரவுசருக்குள் ஐஇ (எக்ஸ்புளோரர்) மோடில் உயிர்ப்பிடித்து ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். பிரவுசருக்குள் ஓடிய ஜாவா ஆப்லெட் புரோகிராம்களை நம்பியவர்களுக்கும் இதே கதி, 2015 செப்டம்பரில் குரோம் அந்த வழியையே அடைத்தது. விற்பவரிடம் குரோம், எட்ஜ், ஃபயர்பாக்ஸ் மூன்றிலும் காட்டச் சொல்லுங்கள். ஒன்றில் மட்டும்தான் என்றால் பேரம் பேச ஒரு காரணம் கிடைத்தது.

செலவு?

டெஸ்க்டாப்பில் முதலில் பெரிய தொகை, பிறகு ஆண்டுப் புதுப்பித்தல். கட்டாவிட்டாலும் பழைய பதிப்பு ஓடிக்கொண்டிருக்கும். வெப்பில் ஆளுக்கு இவ்வளவு என்று மாதாமாதம், கட்டாவிட்டால் கதவு சாத்தப்படும். ஐந்து வருடத்துக்குக் கூட்டிப் பாருங்கள். டெஸ்க்டாப் பக்கம் சர்வர், யுபிஎஸ், பேக்கப், கம்ப்யூட்டர் பார்க்க வரும் தம்பியின் சம்பளம் எல்லாவற்றையும் எழுதுங்கள். இவற்றை மறந்துவிட்டுத்தான் டெஸ்க்டாப் மலிவு என்கிறார்கள்.

அப்டேட் விஷயம்?

டெஸ்க்டாப்பில் 60 கம்ப்யூட்டர் என்றால் 60லும் போட வேண்டும், ஏழு எட்டு எப்போதும் விட்டுப்போகும். வெப்பில் சர்வரில் ஒரு தடவை போட்டால் முடிந்தது. ஆனால் எப்போது போடுவது என்பது உங்கள் கையில் இல்லாமல் போகலாம். மாதாந்திர ஜிஎஸ்டி கணக்கான ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கலுக்குக் கடைசி நாளான 20ஆம் தேதி காலையில் மெனு முழுக்க இடம் மாறிக் கிடந்து, ஆபீஸே பட்டனைத் தேடிக்கொண்டிருந்ததை நேரில் பார்த்திருக்கிறேன். ஜிஎஸ்டி தாக்கல் நடக்கும் 11ஆம் தேதிக்கும் 20ஆம் தேதிக்கும் இடையில் எதையும் மாற்ற மாட்டோம் என்று எழுதி வாங்க முடிந்தால் வாங்குங்கள்.

சட்டப்படி ஏதாவது பார்க்க வேண்டுமா?

கம்பெனிச் சட்டத்தின் கீழ் பதிவான கம்பெனி என்றால் இரண்டு. 2023 ஏப்ரல் 1 முதல், யார் எதை எப்போது திருத்தினார்கள் என்ற பதிவை அணைக்கவே முடியாதபடி வைத்திருக்கும் மென்பொருளில்தான் கணக்கு எழுத வேண்டும். கணக்கு வெளிநாட்டு சர்வரில் இருந்தால், தினசரி பேக்கப் இந்தியாவிலுள்ள சர்வரில் இருக்க வேண்டும். வெப் மென்பொருள் வாங்கும்போது சர்வர் எந்த நாட்டில் என்று கேட்பது இதற்காகத்தான்.

தமிழில் பில் போட வேண்டும். எதில் வசதி?

வெப்பில். எந்தக் கம்ப்யூட்டரிலும் ஒரே மாதிரி தெரியும் யூனிகோடு எழுத்து அங்கே இயல்பாக வரும். பழைய டெஸ்க்டாப் புரோகிராம்கள் பலவற்றில் தனி எழுத்துருவில் தட்டிய பெயர்கள் இருக்கும். வேறு எழுத்துருவில் அவை வெறும் குப்பை. மாறும் முன் அந்தப் பெயர்களை யூனிகோடுக்கு மாற்றும் வேலைக்குத் தனியாக நாள் ஒதுக்குங்கள். தேடிப் பார்த்துச் சரிபார்க்க மனிதர் வேண்டும்.

ஐகான் டெஸ்க்டாப்பில் இருக்கிறது, ஆனால் வெப் மாதிரி தெரிகிறது. இது என்ன வகை?

எலக்ட்ரான் போன்ற நிரல் கருவிகளில் செய்தது. உள்ளே ஒரு குரோமியம் பிரவுசரையே பொதிந்து வைத்திருக்கும். பிரிண்டர், ஃபைல் வசதி கிடைக்கும், மெமரியையும் தாராளமாகத் தின்னும். 4 ஜிபி கம்ப்யூட்டரில் முயல வேண்டாம்.

ஒரே கம்பெனியில் இரண்டையும் வைத்துக்கொண்டால் குழப்பம் வராதா?

டேட்டாபேஸ் ஒன்றாக இருக்கும்வரை வராது. பெரிய கம்பெனிகளுக்கு மென்பொருள் செய்யும் ஜெர்மனியின் எஸ்ஏபியையே பாருங்கள். 1992இல் அதன் ஆர்/3 மென்பொருள் வந்தபோது கம்ப்யூட்டரில் நிறுவும் எஸ்ஏபி ஜியூஐ திரை. 2013இல் பிரவுசரில் ஓடும் ஃபியோரி. இன்றும் பல கம்பெனிகளில் சேல்ஸ் ஆர்டர் போடுகிறவர் பழைய திரையில் விஏ01 என்ற குறியீட்டைத் தட்டி வேலையை முடிக்கிறார், ஒப்புதல் தரும் மேனேஜர் செல்போனில் ஃபியோரியைத் திறக்கிறார். எழுதப்படுவது ஒரே இடத்தில். டேலிபிரைமிலும் பதிவெல்லாம் டெஸ்க்டாப்பில், அறிக்கைகளை மட்டும் பிரவுசரில் பார்க்க வழி உண்டு. முதலாளி நாற்காலிக்கு அது போதும்.

இரண்டு மென்பொருள், இரண்டு டேட்டாபேஸ், நடுவில் ராத்திரி எக்செல் ஏற்றுமதி என்று ஒருவர் திட்டம் கொண்டுவந்தால் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மூன்றாம் மாதம் இரண்டு ஸ்டாக்கும் ஒத்துப்போகாது, எது நிஜம் என்று குடோனில் போய் எண்ண வேண்டியிருக்கும்.

மாறுவது என்று முடிவு செய்துவிட்டோம். பழையதை எப்போது அழிக்கலாம்?

அழிக்காதீர்கள். ஏப்ரல் 1இல் புதியதில் தொடங்குங்கள், தொடக்க இருப்பை மட்டும் கொண்டுபோங்கள். பத்து வருட வவுச்சரையும் ஏற்றித் தருகிறேன் என்பவரிடம் பேச்சை மாற்றுங்கள். கம்பெனிகள் எட்டு நிதியாண்டுக் கணக்கை வைத்திருக்க வேண்டும், ஆகவே பழைய டெஸ்க்டாப் புரோகிராம் ஒரு கம்ப்யூட்டரில் உயிரோடு இருக்கட்டும். நெட் இணைப்பு வேண்டாம். லைசென்ஸ் டாங்கிள் (கம்ப்யூட்டரில் சொருகும் சாவி) இருந்தால் அதிலேயே மாட்டிவையுங்கள், பாஸ்வேர்டைத் தாளில் எழுதி பீரோவில் பூட்டுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அந்தக் கம்ப்யூட்டரை ஆன் செய்து, ஒரு பழைய பில்லைத் திறந்து பிரிண்ட் எடுத்துப் பார்க்க ஒரு ஆளை இப்போதே பேர் சொல்லி நியமித்துவிடுங்கள்.